ஜெயகாந்தன் பிறந்த ஊரில் நான் எழுதி என்ன ஆகப்போகிறது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 36 வயது. பிறந்த வீடு பண்ருட்டிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கடலூர் முதுநகர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். கல்லூரி நாளிலிருந்து சிறுகதை எழுதி நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. கணவர் உட்பட யாரிடமும் காட்டியதில்லை. அவர் கேட்டது இது:

"அக்கா, எழுத உட்கார்ந்தாலே இதெல்லாம் ஒரு எழுத்தா என்று தோன்றிவிடுகிறது. மஞ்சக்குப்பத்தில் ஜெயகாந்தன் பிறந்தார், திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தன் பிறந்தார். அப்படிப்பட்ட ஊரில் நான் எழுதி என்ன ஆகப்போகிறது? எனக்கு இருப்பது இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று ஒரு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு லைஃப் கோச் மூன்று மாதத்தில் இந்தத் தயக்கத்தை எடுத்துவிடலாம் என்கிறார். 45,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். சேரலாமா? வேலையை விட்டுவிட்டு முழுசாக இறங்கினால்தான் வருமா? இப்போது தானே புயல் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அப்பா, விழுந்து கிடந்த முந்திரி மரத்தின் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அதோடு கதை நிற்கிறது. நகர மாட்டேன் என்கிறது."

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையிலேயே பேசுகிறேன். நான் புதுச்சேரியில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பன்னிரண்டு வருடமாக, எழுத வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையை முடிக்க வைப்பதை ஒரு வேலையாகச் செய்கிறேன். அதற்குக் கட்டணமும் வாங்குகிறேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

அவசரமான இரண்டை முதலில் முடித்துவிடலாம். அந்த 45,000 ரூபாயை இப்போது கொடுக்காதீர்கள். வேலையை விடாதீர்கள். காரணங்கள் போகப்போக வரும்.

இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்ற பெயரை இன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார்கள். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் பெற்ற 150க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து எழுதியது. அந்தப் பெண்கள் கையில் வெற்றி இருந்தும், 'இது ஏதோ அதிர்ஷ்டத்தில் கிடைத்தது, ஒருநாள் என் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்று பயந்தார்கள். அந்த உளவியலாளர்கள் அதை நோய் என்று சொல்லவில்லை, சிண்ட்ரோம் என்ற சொல்லையும் வைக்கவில்லை. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் நிலைமை வேறு. ஜெயித்ததை நம்பாமல் இருப்பது ஒன்று, இன்னும் களத்தில் இறங்காமல் இருப்பது இன்னொன்று. உங்கள் கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஏனென்றால் ஒரு ஆள்கூட அதைப் படிக்கவில்லை. ஆக, உங்களுக்கு இருப்பது பதில் கிடைக்காத ஒரு கேள்வி. நோயின் பெயரை அதற்கு வைத்தால், 'முதலில் இது குணமாகட்டும், அப்புறம் எழுதலாம்' என்று மனசு ஒதுங்கிக்கொள்ளும். இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

என்னிடம் வருகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் இந்த வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: முதலில் தயக்கம் போக வேண்டும், பிறகு தைரியம் வர வேண்டும், அதற்குப் பிறகு எழுத வேண்டும். நான் பார்த்தவரை அது அப்படி நடப்பதே இல்லை. ஒரு கதை முடிகிறது. அதைக் கை நடுங்க ஒருவரிடம் கொடுக்கிறோம். அவர் ஏதோ சொல்கிறார், வானம் இடிந்து விழவில்லை. அடுத்த கதைக்கு உட்காரும்போது தயக்கம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கதவை அடைத்துக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் ஓரமாக நிற்கிறது.

ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் இதை ஆராய்ந்து எழுதினார். 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மனிதனுக்கு நான்கு வழியில் வருகிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. நாம் மதிக்கிற ஒருவர் உன்னால் முடியும் என்று சொல்வது. அப்புறம் அந்த நேரத்து உடம்பும் மனசும் இருக்கிற நிலை. நான்கில் வலுவானது முதலாவதுதான் என்பது அவர் கண்டது. வாய்வார்த்தையால் வருகிற நம்பிக்கை சீக்கிரம் கரைந்துவிடும், முதல் அடி விழுந்ததுமே காணாமல் போகும். சந்தையில் கோச்சிங் என்ற பெயரில் விற்பனைக்கு இருப்பதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது சரக்குதான். "உங்களுக்குள் ஒரு சிங்கம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்புவது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்ததும் அது கூட வராது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில்லியனூர்ப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டிய பிறகு எழுத ஆசைப்பட்டு வந்தார். முதல் நாள் பதினொரு பக்கக் கதையை மேஜையில் வைத்துவிட்டு, "டீச்சர், மொத்தமும் குப்பை, படிச்சு உங்க நேரத்தை வீணாக்காதீங்க" என்றார். நான் படிக்கவில்லை. ஒரு பென்சிலைக் கொடுத்து, "எந்த வரி குப்பையோ அதுக்கு அடியில மட்டும் கோடு போடுங்க, நான் டீ போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் தலை நிமிரவில்லை. துணியில் சாக்பீஸால் குறி வைக்கிறவர் கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இடது கை தாளை இழுத்துப் பிடித்திருக்கிறது, வலது கை தயங்காமல் சின்னச் சின்னதாகக் கோடு போடுகிறது. டீ ஆறிப்போனது. முடித்தபோது பதினொரு பக்கத்தில் ஒன்பது வரிக்குத்தான் கோடு இருந்தது. அதில் ஐந்து, கடைசிப் பக்கத்தில் கதாநாயகி நின்று பேசுகிற பிரசங்கத்தில். அவரே எண்ணிப் பார்த்தார், இரண்டு தடவை. பிறகு, "அப்ப இந்தப் பேச்சைத் தூக்கிட்டா போதுமா?" என்று கேட்டார். கேட்கும்போது குரலே மாறியிருந்தது. ஒரு ப்ளவுஸ் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, எந்தத் தையலைப் பிரிக்கலாம் என்று கேட்கிற குரல்.

எல்லோருக்கும் ஒன்பது வரியில் முடியாது. பாதிக் கதைக்குக் கோடு போட்டவர்களும் உண்டு, அந்தக் கோடு சரியாகவே இருந்ததும் உண்டு. ஆனாலும் அதற்குள் ஒன்று நடந்துவிடுகிறது. 'நான் லாயக்கில்லை' என்பது 'இந்த வரி லாயக்கில்லை' என்று மாறிவிடுகிறது. முதலாவதை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். இரண்டாவதைத் திருத்தலாம். எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வேண்டும், அது இல்லாதவன் எழுத்து சளசளவென்று ஓடும். சந்தேகத்தை ஆள் மேலிருந்து இறக்கி வரி மேல் வைக்கத் தெரிய வேண்டும். ஒரு நல்ல கோச் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதும் இதைத்தான்.

எங்கள் ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்து வருடம் இருந்தார். அந்தக் காலத்தில் கனக சுப்புரத்தினம் என்ற இளைஞர் இங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கல்யாண வீட்டில் அவர் பாரதியின் பாட்டைப் பாடுகிறார், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாரதியே ஒருவர் என்பது தெரியாமல். அப்படித்தான் பழக்கம் ஏற்படுகிறது. பிறகு ஒருநாள், நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போது, பாரதி அவரை ஒரு பாட்டு எழுதச் சொல்கிறார். அவர் எழுதிய பாட்டை, 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்த கனக சுப்புரத்தினம் எழுதியது' என்று குறிப்பு வைத்துப் பாரதி சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். அந்த வாத்தியார்தான் பின்னாளில் பாரதிதாசன்.

பாரதி அங்கே என்ன செய்தார் என்று பாருங்கள். ஒரு வேலையைக் கொடுத்தார். அதை அப்போதே, மற்றவர்கள் பார்க்கச் செய்ய வைத்தார். முடிந்ததை மேஜைக்குள் வைக்கவிடாமல் தன் பெயரையும் சேர்த்து வெளியே அனுப்பினார். கோச், மென்டர், வழிகாட்டி, எந்தப் பெயரில் வந்தாலும் இந்த மூன்றும்தான் அந்த ஆளிடமிருந்து நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது. இன்னொன்றும் இதில் இருக்கிறது. பாரதிதாசன் 1909இல் தொடங்கி 1946இல் ஓய்வு பெறும்வரை 37 வருடம் வாத்தியார் வேலையில்தான் இருந்தார். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பாடமும் நடத்திக்கொண்டு எழுதினார். வேலையை விட்டால்தான் எழுத்து வருமா என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டால், அடுப்பு எரிய வேண்டிய பாரத்தையும் அந்தக் கதையே சுமக்க வேண்டியிருக்கும். முதல் கதைக்கு அவ்வளவு பாரம் ஆகாது.

அடுத்து, ஜெயகாந்தன் பிறந்த ஊர் என்ற பயம். இது எனக்கு நன்றாகப் புரிகிறது. பாண்டுரா சொன்ன இரண்டாவது வழி இங்கேதான் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. நம்மைப் போன்ற ஒருவரைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஞானபீடம் வாங்கியவரைச் சிலையாக மட்டும் பார்த்தால் பயம்தான் வரும். சிலையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய், சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தங்கி, அச்சுக்கூட வேலை, பிழை திருத்தும் வேலை என்று கிடைத்ததெல்லாம் செய்தவர். அங்கே இருந்த மூத்தவர்களின் பேச்சும் விவாதமும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். அவரும் தனியாக முளைத்துவிடவில்லை, சுற்றிக் கேட்கிற காதுகள் இருந்தன. கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத கரிசல்காட்டு விவசாயி. முப்பது வயதைத் தாண்டித்தான் கதை அச்சில் வந்தது. அதே இடைசெவல் ஊர்க்காரரான கு. அழகிரிசாமி அவருக்கு நண்பராக இருந்தார், கடிதத்திலேயே ஒருவருக்கொருவர் பேசித் தீர்த்தார்கள். அந்தக் கி.ரா.வைத்தான் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. 2021இல் இந்த ஊரில்தான் மறைந்தார்.

இருந்தாலும், உங்களுக்கு இப்போது தேவை இவர்கள் இல்லை. போன வருடம் முதல் கதை வெளியான ஒரு நர்ஸ், ஒரு பஸ் கண்டக்டர், ஒரு அங்கன்வாடி டீச்சர், அப்படி ஒருவர். இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் மேடையில் இருப்பவரைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள்.

சரி, கோச்சுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் கோச்சிங் என்றால் நீட், டி.என்.பி.எஸ்.சி. நினைவுதான் வரும். பாடம் நடத்துவது, மனப்பாடம், மாதிரித் தேர்வு. நீங்கள் கேட்பது அது இல்லை. கதை எப்படி எழுதுவது என்று சொல்லித்தருகிறவர் ஆசிரியர். எழுதியதைத் திருத்துகிறவர் எடிட்டர். மனசில் உள்ள காயத்தைப் பார்க்கிறவர் உளவியல் ஆலோசகர். கோச் என்பவர், நீங்கள் செய்ய நினைப்பதைச் செய்து முடிக்கும்வரை கூட இருந்து கேள்வி கேட்கிறவர். ஒரே ஆள் இரண்டு மூன்று வேலை செய்யலாம், ஆனால் எந்த நேரத்தில் எதைச் செய்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், மற்றவர்களை எடைபோட உதவும். முதல் சந்திப்பில் லட்சியம், கனவு என்றெல்லாம் அதிக நேரம் பேசுவதில்லை. ஒரே ஒரு படைப்பு, அது முடிகிற ஒரு தேதி, அதைப் படிக்கப்போகிற ஒரு ஆள், இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் எழுந்திருக்க விடமாட்டேன். அதற்குப் பிறகு என் கேள்விகள் சின்னதாகிக்கொண்டே போகும். "எப்ப எழுதுவீங்க?" "ராத்திரி." "ராத்திரி எப்ப?" "எல்லாரும் படுத்ததும்." "அவங்க எப்பப் படுப்பாங்கன்னு உங்க கையில இல்லையே, உங்க கையில இருக்கிற ஒண்ணைச் சொல்லுங்க." இப்படியே போய் ஒரு அம்மா கடைசியில், "பாத்திரம் கழுவி, மேடையைத் துடைச்சு, துணியைப் பிழிஞ்சு ஜன்னல் கம்பியில போட்டதும், கையைத் துடைச்சிட்டு அங்கேயே ஸ்டூல்ல உட்கார்ந்து ஆறு வரி" என்று முடித்தார். அந்தத் துணிதான் அவருக்கு மணி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. 'எழுதப்போகிறேன்' என்ற தீர்மானத்தைவிட, 'இது நடந்ததும் இந்த இடத்தில் இதைச் செய்வேன்' என்ற திட்டம் நிறைவேற வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் தைரியம் இருக்கிறதா என்று மனசைக் கேட்க வேண்டியதில்லை. துணியைக் கம்பியில் போட்டதும் கை தானே நோட்டுக்குப் போகும்.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர். மாதக் கடைசியில் மனசு சரியில்லை என்று வவுச்சரை மூடிவைக்கிறீர்களா? அந்தக் கை உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பது. நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்சும் வேண்டாம். நாளைக்கே யார் வேண்டுமானாலும் மாட்டலாம். சர்வதேச அளவில் ஐ.சி.எஃப். என்ற கோச்சிங் கூட்டமைப்பு 1995இலிருந்து இருக்கிறது. அது மூன்று படியில் சான்று தருகிறது. ஏ.சி.சி. என்ற முதல் படிக்கு 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் ஆட்களோடு வேலை செய்த அனுபவமும் வேண்டும். பி.சி.சி.க்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். எம்.சி.சி.க்கு 200 மணி நேரப் பயிற்சி, 2,500 மணி நேர அனுபவம். 'சர்டிஃபைட் கோச்' என்று ஒருவர் சொன்னால், யார் கொடுத்த சான்று, எத்தனை மணி நேரம் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அதே சமயம், சான்று இருந்தால் மட்டும் உங்கள் கதைக்கு ஏற்றவர் ஆகிவிட மாட்டார். கதையே படிக்காதவர் கம்பெனி மேலாளர்களுக்கு நல்ல கோச்சாக இருக்கலாம். ஆகவே, கடைசியாக நீங்கள் படித்த சிறுகதை எது, அதில் எது பிடித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகம் மலர்கிறதா என்று பாருங்கள்.

மூன்று மாதத்தில் தயக்கத்தை எடுத்துவிடுவேன் என்று சொன்னார் அல்லவா, எனக்கு உறுத்துவது அதுதான். தயக்கத்தை எடுக்க யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. மூன்று மாதத்தில் இரண்டு கதையை முடித்து இரண்டு பத்திரிகைக்கு அனுப்ப வைப்பேன் என்று சொன்னால், அது அளந்து பார்க்கக்கூடிய வாக்கு. மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு சந்திப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு நல்ல அறிகுறி. அந்தச் சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் அதிகம் பேசினாரா, நான் அதிகம் பேசினேனா? செய்ய ஒரு வேலையோடு வெளியே வந்தேனா, வெறும் உற்சாகத்தோடு வந்தேனா? பயிற்சியோடு சேர்த்துப் புத்தகமும் போட்டுத்தருகிறேன், அதற்குத் தனிப் பணம் என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் தயக்கத்தையும் உங்கள் ஆசையையும் ஒரே ஆள் காசாக்கக் கூடாது.

நானும் இதில் பட்டவள்தான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், எனக்கே ஒரு வழிகாட்டி வேண்டும் என்று ஒருவரிடம் பணம் கட்டிச் சேர்ந்தேன். வாரம் ஒரு மணி நேரம் ஃபோனில் பேசுவார். இனிமையாகப் பேசுவார், குறை சொல்ல முடியாது. நான் அனுப்பிய கட்டுரைகளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது ஏழாவது வாரம்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் அழுதது பணத்துக்காக இல்லை. ஏழு வாரமும் 'அருமை' என்று கேட்டு வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டு நடந்திருந்தேன், அதற்காக. அதனால்தான் இன்று என் மேஜைக்கு வருகிற எந்தத் தாளையும் பென்சில் இல்லாமல் நான் தொடுவதில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, எழுத்து மட்டுமில்லாமல் பிள்ளை, வீடு, வேலை எதிலும் மனசு ஒட்டவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் அது கோச்சிடம் கொண்டுபோகிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். 14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அப்படி இருக்கும்போது 'இன்னும் முயற்சி செய், இன்னும் எழுது' என்று தள்ளுகிற கோச் தெரியாமல் தீங்கு செய்கிறார். உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் சொல்லி வைப்பது என் கடமை.

பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்றால், ஆக வேண்டியதில்லை. ஒரு கோச் செய்கிற வேலையில் பாதியை இரண்டு நல்ல சிநேகிதிகள் செய்வார்கள். மூன்று பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினம் கடற்கரை மணலிலோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ. ஆளுக்கு நான்கு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று சொல்லக் கூடாது. 'இந்த இடத்துல எனக்குக் கண்ணு முன்னால தெரிஞ்சுது, இந்த இடத்துல மனசு வேற எங்கேயோ போயிடுச்சு' என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை மீறாமல் இருந்தால் அந்தக் கூட்டம் நிலைக்கும். கடலூரிலிருந்து ஒரு பஸ் ஏறினால் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு வந்துவிடலாம். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியும் கைக்கெட்டும் தூரம்தான். அங்கே சிறுபத்திரிகைகளின் பின்னட்டையைப் புரட்டிப் படைப்புகள் அனுப்ப வேண்டிய முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை சத்தமாக வாசிக்கும்போது நெஞ்சு படபடக்கும், நாக்கு ஒட்டும். உடம்பு இப்படிச் சொல்வதைக் கேட்டு 'பார், என்னால் முடியாது' என்று முடிவு கட்டாதீர்கள். நூறு மேடை ஏறியவர்களுக்கும் அது உண்டு. அவர்கள் படபடப்போடேயே வாசிக்கப் பழகியிருக்கிறார்கள்.

கணவரிடம் முதலில் காட்ட வேண்டுமா? கட்டாயமில்லை. வீட்டுக்காரர்கள் நம் மேல் உள்ள பிரியத்தில் பொய் சொல்வார்கள், அல்லது கதையில் தங்களைத் தேடுவார்கள். எழுதுகிறேன் என்ற விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். அடுப்பு மேடையைத் துடைத்த பிறகு அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க அது போதும்.

இப்போது உங்கள் முந்திரி மரம். கேள்வியில் போகிறபோக்கில் அந்த வரியை எழுதிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரை கடந்தது. நானும் அன்றைக்கு இங்கே இருந்தவள், அந்தக் காற்றின் ஊளை இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வேரோடு சாய்ந்தன. அதைப் பற்றி நானும் நிறையப் படித்தேன், எல்லாவற்றிலும் அழுகையும் கணக்கும் இருந்தது. விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற ஒரு அப்பா எதிலும் இல்லை. வேறு எங்கேயும் போய் உட்காராமல் அதன் மேலேயே உட்கார்ந்தாரே, அந்த 'மேலேயே' என்ற சொல்லை நீங்கள் யோசித்து வைத்தீர்களா, தானாக வந்ததா? எப்படி வந்திருந்தாலும் அது எழுதத் தெரிந்த கை வைத்த சொல். இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. பென்சிலோடுதான் படித்தேன், கோடு போட இடம் கிடைக்கவில்லை.

கதை நகரவில்லை என்கிறீர்கள். அப்பா என்ன நினைத்தார் என்று எழுதப் பார்க்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். அதை விட்டுவிடுங்கள். அவர் கையைப் பாருங்கள். சுண்ணாம்பு டப்பா மடியில் இருந்ததா, இடுப்பில் இருந்ததா? ராத்திரி முழுக்க நனைந்த வெற்றிலையா, வீட்டுக்குள்ளிருந்து நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்ததா? காம்பைக் கிள்ளி எங்கே போட்டார்? துப்பினாரா, அந்த மரத்தடியில் துப்ப மனமில்லாமல் எழுந்து தள்ளிப் போனாரா? அந்த மரத்தை நட்டது அவரா, அவர் அப்பாவா? நீங்கள் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஆறு வரி, இரண்டு வாரம். நல்ல வரி, கெட்ட வரி பார்க்க வேண்டாம், பென்சில் அப்புறம் வரட்டும். முடிந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. அவர் துப்பினாரா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.